வட்டியில்லாக் கடனின் விலை: டெல்டாவின் கூலிக் குடும்பம் ஒன்றின் வரவு செலவு நோட்டு

2025ஆம் ஆண்டு வைகாசி மாதக் கடைசியில், ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வயல்வேலை செய்யும் பெண்ணொருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மூன்று நிறுவனங்களின் தவணை அட்டைகளும், மகளுடைய பழைய பள்ளி நோட்டு ஒன்றும் இருந்தன. “டியூ கட்டாம எந்திரிக்க மாட்டோம்னு வாசல்ல ஒக்காந்துட்டாங்க தம்பி. ஒக்காந்தது லோன்காரவுங்க இல்ல, எங்க தெருப் பொம்பளைங்கதான்” என்றார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை நோட்டைப் பிரித்துப் பார்க்க வைத்தது.

கடனில் தவிக்கும் குடும்பங்களுக்கு நாட்டில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. செலவைக் குறையுங்கள், வரவுக்குள் வாழுங்கள், அதிக வட்டிக் கடனை முதலில் அடையுங்கள் என்பார்கள். இவை தவறான அறிவுரைகள் அல்ல. ஆனால் மாதச் சம்பளம் வாங்குபவரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. காவிரி டெல்டாவின் நிலமற்ற தலித் குடும்பம் எந்தக் கடனை முதலில் அடைக்க வேண்டும் என்ற கேள்விக்கு வட்டி விகிதம் மட்டும் விடை தராது. அதை அந்த நோட்டின் வழியாகவே விளக்க முயல்கிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டும் விவரங்களை விலக்கி, தொகைகளைச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன்.

முதலில் வரவு. வீட்டில் கணவன், மனைவி, மாமியார், கல்லூரியில் படிக்கும் மகள் என நான்கு பேர். மூத்த மகன் மணமாகித் தாம்பரம் பக்கம் தனிக்குடித்தனம் இருக்கிறார். மனைவிக்கு நடவு, களை, அறுப்பு எல்லாம் சேர்த்து ஆண்டில் 70 நாள் வேலை. அதில் 40 நாள் 300 ரூபாய்க்கும் 30 நாள் 350 ரூபாய்க்கும் போனதில் 22,500 ரூபாய். நூறு நாள் வேலை என்ற பெயரில் கிடைத்தது 45 நாள். அறிவிக்கப்பட்ட கூலி 2024-25இல் 319 ரூபாய் என்றாலும், அளவெடுத்த பின் கணக்கில் ஏறியது சராசரியாக 300. ஆக 13,500. கணவனுக்கு 120 நாள் 600 ரூபாய்க்கும் 30 நாள் 400 ரூபாய்க்கும் வேலை, 84,000. மகளிர் உரிமைத்தொகை 12,000. மொத்தம் 1,32,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11,000 ரூபாய்.

இந்த வகுத்தலில்தான் முதல் பொய் இருக்கிறது. டெல்டாவில் வருவாய் மாதந்தோறும் வருவதில்லை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுகிறது. குறுவை, சம்பா, தாளடி எல்லாம் இந்தத் தண்ணீரின் நாட்காட்டிக்குள் அடங்குபவை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு, தை மாதத்து அறுப்புக் கூலியில் பெரும்பகுதி இயந்திர வாடகையாக மாறிவிட்டது. பங்குனியில் தொடங்கும் வறட்சி மாதங்களை நிரப்ப வேண்டியது நூறு நாள் வேலை. அந்தக் கூலியோ காலத்தில் வருவதில்லை; 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நிலுவை 1,056 கோடி ரூபாய் எனக் குறிப்பிட்டு முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நம் நோட்டில் அந்த வைகாசி மாத வரவு 4,200 ரூபாய்.

தவணைக்குப் பருவம் கிடையாது. முதல் நிறுவனத்தில் 40,000, இரண்டாவதில் 30,000, மூன்றாவதில் 50,000 ரூபாய் கடன். மூன்றும் ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில், 24 மாதத் தவணையில். மாதத் தவணை முறையே 2,115, 1,586, 2,644. கூட்டினால் 6,345 ரூபாய். சராசரி மாதத்தில் நான்கு பேர் வாழ மீதி 4,655. வைகாசியிலோ அரிசி, மருந்து எதற்கும் ஒரு ரூபாய் ஒதுக்குவதற்கு முன்பே 2,145 ரூபாய் துண்டு விழுகிறது. ரேஷன் அரிசி இல்லையென்றால் இந்தக் கணக்கை எழுதுவதற்கே ஆள் இருந்திருக்காது.

இந்த மூன்றாவது கடன் கொடுக்கப்பட்டிருக்கவே கூடாது என்பதை மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நுண்கடன் நெறிமுறைகள் இரண்டு வரம்புகளை விதிக்கின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்குப் பிணையின்றித் தரப்படுவதே நுண்கடன். அக்குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். 11,000இல் பாதி 5,500. முதல் இரண்டு தவணைகள் 3,701 ஆகிவிட்ட பிறகு, மூன்றாம் நிறுவனம் அதிகபட்சம் 1,799 ரூபாய்த் தவணைக்குத்தான் கடன் தந்திருக்க முடியும். அது எப்படி 2,644க்குத் தந்தது? விண்ணப்பத்தில் குடும்பத்தின் மாத வருமானம் 24,000 என எழுதப்பட்டிருந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு 2,88,000. மூன்று லட்சம் என்ற கூரையும் இடிக்கவில்லை. பாதி என்ற வரம்பும் இடிக்கவில்லை. எழுதியவர் நிறுவனத்தின் களப்பணியாளர். கையெழுத்திட்டவர் இவர்.

ஆகவே அந்தப் பள்ளி நோட்டு சிக்கனப் பாடம் அல்ல; சாட்சியம். எந்தத் தேதியில், யாருடைய வயலில், எவ்வளவு கூலி என்று எழுதிவைத்த குடும்பம், நிறுவனத்தின் தாளில் உள்ள 24,000 ரூபாயைக் கேள்வி கேட்க முடியும். கடன் தருபவர் குடும்ப வருமானத்தை மதிப்பிட்டுக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும், ஏற்கெனவே பதிவான வருமானத்துக்கும் புதிய மதிப்பீட்டுக்கும் வேறுபாடு இருந்தால் காரணம் கேட்டறிய வேண்டும் என்பதும் அதே நெறிமுறையில் உள்ளவை. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும். கிராமத்தில் படித்த பிள்ளைகள் செய்யக்கூடிய பயனுள்ள வேலைகளுள் ஒன்று, தெருவில் உள்ள பெண்களுக்கு இந்த அறிக்கையை எடுத்துத் தருவது.

அம்மாவின் தவணை, மகனின் கார்டு

வைகாசியில் துண்டு விழுந்த 2,145 எங்கிருந்து வந்தது? தாம்பரத்து மகனின் கிரெடிட் கார்டிலிருந்து. முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்று, 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்ததும் அவருக்கு ஒரு கார்டு கிடைத்திருக்கிறது. ஊரில் அம்மாவின் வாசலில் ஆட்கள் உட்காரும்போதெல்லாம் அதைக்கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஓராண்டில் நிலுவை 20,000 ஆகிவிட்டது.

கார்டில் பொருள் வாங்கினால் வட்டியில்லா நாட்கள் சில உண்டு. பணமாக எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். எடுத்ததற்குக் கட்டணமும் தனி. மாதம் 3.5 சதவீதம் என்பது பரவலான விகிதம். 20,000க்கு ஒரு மாத வட்டி 700; அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126. மகன் மாதம் 1,000 ரூபாய் கட்டிவந்தார். அசலில் குறைந்தது 174 ரூபாய்! மேற்கொண்டு ஒரு ரூபாயும் எடுக்காமல் இதே வேகத்தில் கட்டினால் கடன் தீர 43 மாதத்துக்கு மேலாகும். கட்டிய மொத்தம் 43,000ஐத் தாண்டும். மாதம் 2,000 கட்டினால் 14ஆவது மாதத்தில் தீரும். மொத்தம் ஏறக்குறைய 26,300. ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்று மாதப் பட்டியலிலேயே எச்சரிக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. பொடி எழுத்தில் எச்சரிக்கிறார்கள்.

வட்டிக்கு உச்சவரம்பு இல்லையா என்று கல்லூரிக் கூட்டங்களில் கேட்கிறார்கள். 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. இன்றைக்கு அந்த வரம்பு இல்லை. கடனைத் தீர்த்த பிறகு கார்டை மூடும்படி கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்ற விதி மட்டும் நம் பக்கம் இருக்கிறது.

நோட்டில் இல்லாத கடன்

மூன்று தவணையும் கார்டும் சேர்ந்தால் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். “வேற யார்கிட்டயாவது?” என்று கேட்டபோது, “அது கடன் இல்ல தம்பி, வட்டியே கெடையாது” என்றார். மாமியாரின் மருத்துவமனைச் செலவுக்காக ஊர்த்தெரு நிலக்காரர் ஒருவரிடம் வாங்கிய 15,000 ரூபாய். மூன்று ஆண்டுகளாக நிற்கிறது. அவர் திருப்பிக் கேட்பதே இல்லை. அவர் வயலில் வேலை என்றால் முதலில் அங்கே போக வேண்டும், அவ்வளவுதான்.

மேலே சொன்ன வரவுக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். மனைவி 350 ரூபாய்க்குப் பதிலாக 300க்குப் போன 40 நாட்களும் அந்த வயலில்தான். கணவன் 600க்குப் பதிலாக 400க்குப் போன 30 நாட்களும் அங்கேதான். 40 நாளுக்கு 50 ரூபாய் வீதம் 2,000. 30 நாளுக்கு 200 வீதம் 6,000. ஆண்டுக்கு 8,000 ரூபாய் கூலியாக வராமலே போயிருக்கிறது. 15,000 ரூபாய்க் கடனுக்கு இது 53 சதவீத வட்டி. குழுக் கடனுக்கு 24. கார்டுக்கு 42, ஜிஎஸ்டியோடு ஏறக்குறைய 50. அந்த வீட்டின் எல்லாக் கடன்களிலும் விலை அதிகமானது வட்டியே இல்லாத கடன். மூன்றாண்டில் 24,000 ரூபாய் கொடுத்த பிறகும் அசல் அப்படியே நிற்கிறது. வராத பணத்தை யாரும் நோட்டில் எழுதுவதில்லை.

பணத்தில் அளக்க முடியாதவற்றை நான் இன்னும் சேர்க்கவில்லை. அந்த வீட்டார் கிராம சபையில் புறம்போக்கு நில ஆக்கிரமிப்பு பற்றிப் பேச முடியாது. சேரிப் பிள்ளை ஒருவன் அடிவாங்கினால் சாட்சி சொல்ல முடியாது. வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகள் பிறழ்வது ஏன் என்று நகரத்தில் ஆய்வு செய்பவர்கள், சாட்சியின் வீட்டில் இப்படியொரு கைமாற்று நிற்கிறதா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

தஞ்சைக்கு இது புதிதல்ல. பண்ணையாள் முறையைத் தாங்கி நின்ற தூண்களில் ஒன்று கடன். தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் ஏர் பிடித்தான். 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி உயர்வுக்கான போராட்டத்தின் நடுவே 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நெல்லாக அளந்த கூலி பிறகு பணமானது. சவுக்கும் சாணிப்பாலும் போயின. முன்பணம் போகவில்லை.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இதற்கு நேராகப் பேசுகிறது. முன்பணத்துக்கு ஈடாகக் கூலியின்றியோ, பெயரளவுக் கூலிக்கோ உழைக்க நேர்ந்தாலும், வேறிடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தை இழந்தாலும் அது கொத்தடிமை முறை. குறைந்தபட்சக் கூலியை விடவோ, அது நிர்ணயிக்கப்படாத வேலைக்கு நடைமுறைக் கூலியை விடவோ குறைவானதே சட்டத்தின் கண்ணில் பெயரளவுக் கூலி. அத்தகைய கடன் ரத்தாகிவிடுகிறது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவருடையது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாக வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் கூறியது. தொழிலாளி பட்டியல் சாதியினராகவும் வேலை வாங்குபவர் பட்டியலினத்துக்கு வெளியே உள்ளவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும்.

கோட்டாட்சியருக்கு மனு எழுதலாம் என்றேன். அவர் வேண்டாம் என்றார். சுடுகாட்டுப் பாதை அந்த வயலோரம் போகிறது. மகள் பேருந்துக்கு நடப்பதும் அதே வழியில். சட்டப்படி இல்லாமலே போன கடனைத் திருப்பிக் கட்டச் சொல்லி ஒரு வழக்கறிஞர் ஆலோசனை தருவது நல்ல தொழில்முறை அல்ல. ஆனாலும் அதைத்தான் செய்தேன். தோட்டைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் 15,000 கொடுத்து, தாளில் கையெழுத்து வாங்கச் சொன்னேன். நிலக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட மட்டும் அரை நாள் ஆனது.

வாசலில் உட்கார்ந்த தெரு

இனி குழுக் கடன். பொறுப்புக் குழு என்ற ஏற்பாட்டின் நுட்பம் இதுதான்: ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களுக்கு அடுத்த கடன் வராது. எல்லோரும் ஒரே சேரி, பெரும்பாலும் உறவினர். அவமானப்படுத்தும் வேலையை நிறுவனம் செய்ய வேண்டியதில்லை. சித்தியும் நாத்தனாரும் செய்துவிடுவார்கள். 2010இல் ஆந்திராவில் தற்கொலைகளுக்குப் பிறகு அவசரச் சட்டம் வந்ததும், மறு ஆண்டு மாலேகம் குழு அறிக்கை தந்ததும் இந்த வசூல் முறையை ஒட்டித்தான்.

இங்கே விதிகள் நம் நினைப்பை விடத் தெளிவானவை. நுண்கடனில் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் கடனாளியை அழைக்கக் கூடாது. வசூல், இருவரும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான். அந்த இடத்துக்குக் கடனாளி தொடர்ந்து இருமுறை வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கு வரலாம். உறவினரையும் உடன் பணிபுரிவோரையும் துன்புறுத்துவது, கடனாளியின் பெயரைப் பலரறியச் செய்வது, வசைச்சொல் எல்லாம் தடை. காப்பீட்டைக் கடனோடு ஒட்டி விற்கக் கடனாளியின் முழுச் சம்மதம் வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. பலர் பார்க்கச் சாதியைச் சொல்லித் திட்டினால் அது வசூல் அல்ல, வன்கொடுமைக் குற்றம். 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டமும் நிறைவேற்றியது. தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவற்றை 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே தடை செய்திருக்கிறது; 8,500 கொடுத்து நாளுக்கு நூறாக நூறு நாள் வாங்கும் தண்டலின் உண்மை வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தை விட அதிகம்.

“போலீஸ் வரும், சிறைக்குப் போவாய்” என்பதுதான் வாசலில் அதிகம் கேட்கும் மிரட்டல். கடனைக் கட்ட முடியாமை குற்றம் அல்ல. வசதியிருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்ட மறுத்தால் ஒழிய, தீர்ப்புக் கடனுக்காக ஒருவரைச் சிறையிலிட முடியாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1980இல், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் எழுதினார். பண வழக்குத் தீர்ப்பை நிறைவேற்றப் பெண்ணைக் கைது செய்யவே கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு. சேரிக்குச் சேரி சுவரில் எழுதிவைக்க வேண்டிய பிரிவு அது. 60ஆம் பிரிவின்படி உடை, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கூலி, அவர் குடியிருக்கும் சொந்த வீடு எதையும் சாதாரணக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. ஒரு எச்சரிக்கை உண்டு. கையெழுத்திட்ட காசோலை திரும்பினாலும், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் உத்தரவு பணமின்றித் திரும்பினாலும் குற்றவியல் வழக்குக்கு வழியுண்டு. எழுதாத காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள். ரேஷன் அட்டையையும் ஏடிஎம் கார்டையும் யாரிடமும் ஈடாக விடாதீர்கள்.

மூன்றாம் நிறுவனத்துக்கு நோட்டின் நகலோடு புகார் எழுதினோம். முப்பது நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். தகவல் பெற 14448. வழக்கறிஞர் வேண்டுமென்றால், பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தர வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசும்போது மட்டும் கவனம் வேண்டும். அங்கே போடும் ஒப்பந்தம் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வைகாசியிலும் கட்ட முடிகிற தொகைக்கு மட்டுமே தலையாட்ட வேண்டும்.

அரசின் தள்ளுபடிகள் இந்த வீட்டை ஏன் தொடவில்லை என்ற கேள்வி எஞ்சுகிறது. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியானது, 16.43 லட்சம் விவசாயிகள் பயன்பெறுவர் என்றார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பயிர்க்கடன் வாங்கச் சாகுபடி நிலம் காட்ட வேண்டும். நாற்றைப் பிடுங்கி நட்டவருக்கு அது இல்லை. நொடித்துப்போன நிறுவனங்களுக்காக 2016இல் வந்த திவால் சட்டத்திலேயே, மிக ஏழைகளின் சிறு கடன்களைத் துடைத்து ‘புதிய தொடக்கம்’ தரும் அத்தியாயம் ஒன்றும் இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000, கடன் 35,000 என்ற அதன் வரம்பு இன்றைய கூலிக் குடும்பத்துக்குப் பொருந்தாது என்பது ஒருபுறமிருக்க, நிறுவனங்களுக்கான பகுதி உடனே அமலுக்கு வந்தது. இந்த அத்தியாயம் வரவில்லை. வசதியானவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு ஊரில் நடமாடுகிறார். அதற்கான 1920ஆம் ஆண்டுச் சட்டம் கூலிக்காரருக்கும் பொதுவானதுதான். ஆனால் வாசலில் சித்தி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு எந்த நிறக் கடுதாசியும் உதவாது.

நிறுவனத்திடமிருந்து இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை, தவணைக் காலத்தை நீட்டித்து, மாதத் தொகையைக் குறைக்க மட்டும் சம்மதித்தது. மகன் கார்டில் பணம் எடுப்பதை நிறுத்திவிட்டு மாதம் 2,000 கட்டுகிறார். அந்த ஆண்டுக் குறுவைக்கு நிலக்காரர் நடவுக்கு இவரைக் கூப்பிடவில்லை. வெளியூர் ஆட்களை வைத்து நட்டுக்கொண்டார். இவர் பக்கத்து ஊருக்கு 350 ரூபாய்க்குப் போனார். முதல் இரண்டு வாரத்தில் ஆறு நாள்தான் வேலை கிடைத்தது. நோட்டில் இப்போது இன்னொரு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறார்: ஊரில் கொடுத்த கூலி எவ்வளவு, தனக்குக் கொடுத்தது எவ்வளவு.